நார்வே பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி வேலை: தேடுவது முதல் போய்ச் சேருவது வரை

பிஎச்டி என்றதும் நமக்கு நெட் தேர்வு, ஜேஆர்எஃப், அட்மிஷன், ஃபீஸ், நல்ல கைடு கிடைப்பாரா என்கிற கவலை எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வரும். நார்வேக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இந்த வரிசையை ஓரமாக வைத்துவிடலாம். அங்கே பிஎச்டி செய்கிறவர் பல்கலைக்கழகத்தின் சம்பள ஊழியர். மாதா மாதம் சம்பளம், அதில் ஓய்வூதியத்துக்கு 2 சதவீதப் பிடித்தம், வாரம் 37.5 மணி நேர வேலை, ஆண்டுக்கு ஐந்து வார விடுப்பு, குழந்தை பிறந்தால் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு என்று மற்ற ஊழியர்களுக்கு உள்ளதெல்லாம் அவருக்கும் உண்டு. விடுப்பில் போன மாதங்களை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்து நீட்டித்தும் கொடுப்பார்கள்.

"நார்வேயிலும் இப்போது ஃபீஸ் கட்டணுமாமே?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2023 இலையுதிர் பருவத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் இளங்கலை, முதுகலை மாணவர்களுக்குக் கட்டணம் வந்தது உண்மை. வேலையில் சேர்ந்து பிஎச்டி செய்கிறவருக்கு அது கிடையாது.

இது வேலை என்பதால் இன்னொன்றும் கூடவே வருகிறது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அரசுப் பணிச் சட்டம் பொருந்தும். காலியிடத்தைப் பொதுவில் விளம்பரம் செய்ய வேண்டும், வந்தவர்களில் அதிகத் தகுதி உள்ளவரை எடுக்க வேண்டும். அந்தத் தகுதியை அளக்கும் கோல் விளம்பரத்தில் எழுதியிருப்பதுதான். பேராசிரியருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருந்தாலும் விளம்பரத்தில் கேட்ட தகுதி இல்லையென்றால் அவரால் உங்களை எடுக்க முடியாது. சில ஆண்டுகளாக நண்பர்கள், ஜூனியர்கள், அவர்களின் நண்பர்கள் என்று பலருடைய விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் சுற்றிலேயே வெளியே போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: விளம்பரத்தை வரி வரியாகப் படித்திருக்க மாட்டார்கள். இந்தக் கட்டுரையில் நான் எதையாவது திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால் அது இதுதான்.

முதலில், எந்த வேலை உங்களுக்கு?

விளம்பரங்களில் நார்வேஜியப் பெயர்கள்தான் இருக்கும், நாலைந்து சொற்கள் தெரிந்தால் போதும். 'ஸ்டிபெண்டியாட்' என்றால் பிஎச்டி ஆய்வாளர். இது மூன்று ஆண்டு அல்லது நான்கு ஆண்டுப் பணி. நான்கு ஆண்டு என்றால் மொத்த நேரத்தில் கால் பங்கு பாடம் நடத்துவது, விடைத்தாள் திருத்துவது, ஆய்வக வகுப்பைப் பார்த்துக்கொள்வது போன்ற கடமைப் பணிக்குப் போகும். ஆராய்ச்சிக்குக் கிடைப்பது இரண்டிலும் அதே மூன்று ஆண்டுதான். என்னைக் கேட்டால் நான்காண்டுப் பணியையே எடுக்கச் சொல்வேன். புது நாட்டில் காலூன்றக் கூடுதலாக ஓராண்டு கிடைக்கும், பாடம் நடத்திய அனுபவமும் சேரும்.

'போஸ்ட்டாக்டர்' என்பது முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு ஆண்டுவரை. 'ஃபோர்ஷ்கர்' என்றால் ஆராய்ச்சியாளர். ஒரு திட்டத்தின் பணம் இருக்கும்வரை ஓடும் வேலைகள் இதில் அதிகம். முதுகலை முடித்த கையோடு போக நினைப்பவர்கள் 'விதென்ஸ்காப்பெலி அசிஸ்டெண்ட்' என்கிற ஆராய்ச்சி உதவியாளர் பணியையும் பார்க்கலாம். ஆனால் அது குறுகிய காலத்துக்கானது, பெரும்பாலும் உள்ளூரில் இருப்பவர்களுக்கே போகும். இணைப் பேராசிரியர், பேராசிரியர் போன்ற நிரந்தரப் பணிகளுக்கு நார்வேஜிய மொழி கேட்பார்கள். வெளியிலிருந்து முதல் முறை போகிறவருக்கு ஸ்டிபெண்டியாட்டும் போஸ்ட்டாக்டரும்தான் திறந்திருக்கும் வாசல்கள்.

ஸ்டிபெண்டியாட்டுக்கு அடிப்படைத் தகுதி ஐந்து ஆண்டு உயர்கல்வி: மூன்றாண்டு இளங்கலையும் இரண்டாண்டு முதுகலையும், அல்லது அதற்குச் சமமானது. பிஎஸ்சி, எம்எஸ்சி முடித்தவர்களுக்கும் பிஇ, எம்இ முடித்தவர்களுக்கும் இதில் பொதுவாகச் சிக்கல் வராது. ஆய்வேடு இல்லாமல் முதுகலை முடித்தவர்களுக்கும், இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலை படித்தவர்களுக்கும் வரும். பல துறைகள் முதுகலையில் குறிப்பிட்ட அளவு ஆய்வேடு இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகின்றன.

எங்கே தேடுவது

யோப்நோர்கே என்கிற தளம்தான் தலைவாசல். ஆங்கிலத்தில் ஜே, ஓ, பி, பி, என், ஓ, ஆர், ஜி, இ என்று தட்ட வேண்டும். நார்வேயின் பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய அனைத்தும் இதில்தான் விளம்பரம் போடுகின்றன, விண்ணப்பத்தையும் இதிலேயே வாங்குகின்றன. கணக்கு ஒன்று திறந்து, ஸ்டிபெண்டியாட் என்றும் உங்கள் துறையின் பெயரிலும் மின்னஞ்சல் அறிவிப்பை வைத்துவிடுங்கள். நம் ஊர் அட்மிஷன் போல ஜூன், ஜூலை என்று ஒரு பருவம் அங்கே கிடையாது. ஆண்டு முழுக்க விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் யூராக்சஸ் தளத்திலும் பல விளம்பரங்களைப் பார்க்கலாம், ஆனால் விண்ணப்பிக்க எப்படியும் யோப்நோர்கேக்குத்தான் வருவீர்கள்.

எந்த ஊரில் எது பலம் என்று தெரிந்திருந்தால் தேடல் சுருங்கும். 1811-இல் தொடங்கிய ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம், இயற்பியல், கணினி, மானுடவியல் எல்லாமே உண்டு. ட்ரொன்ஹைமில் தலைமையிடம் கொண்ட என்டிஎன்யு பொறியியலுக்குப் பேர்போனது: கப்பல், கடல் தொழில்நுட்பம், மின்சாரம், பொருளறிவியல் (மெட்டீரியல் சயின்ஸ்). மூளையின் இட உணர்வு பற்றிய ஆய்வுக்காக 2014-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரும் இங்கேதான் பணியாற்றினார்கள். கடல், காலநிலை, மீன் என்றால் பெர்கன். துருவப் பகுதி ஆராய்ச்சியும் மீன்வளமும் ட்ரொம்சோவில். வேளாண்மை, உணவு, கால்நடை மருத்துவம் என்றால் ஒஸ்லோவுக்குத் தெற்கே ஓஸ் என்கிற சிற்றூரில் உள்ள என்எம்பியு. எண்ணெய், ஆற்றல் ஸ்டவாங்கரில். இவை தவிர ஆக்தர், நூர், ஒஸ்லோமெட், தென்கிழக்கு நார்வே, 2024-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த இன்லாந்து ஆகியவையும் உண்டு. பெரிய பெயர்களையே பார்க்கிறவர்கள் இவற்றை விட்டுவிடுகிறார்கள். சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான், போட்டி குறைவாக இருக்க வாய்ப்புண்டு.

பல்கலைக்கழகம் அல்லாத ஆராய்ச்சி நிறுவனங்களையும் மறக்க வேண்டாம். சின்டெஃப், சிமுலா, நோர்சே, கடல் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை ஆய்வாளர்களைத் தாங்களே வேலைக்கு எடுப்பதும் உண்டு. அப்படிச் சேர்கிறவர்கள் பட்டத்துக்கு ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொள்வார்கள்.

விளம்பரம் வருவதற்கு முன்பே மோப்பம் பிடிக்கவும் வழி இருக்கிறது. நார்வேயின் ஆராய்ச்சிக் கவுன்சில் தான் பணம் கொடுக்கும் திட்டங்களை 'ப்ரொஷெக்ட்பாங்கன்' என்கிற திட்ட வங்கியில் பொதுவில் போட்டு வைக்கிறது. யாருக்கு, எந்தத் தலைப்பில், எவ்வளவு, எந்த ஆண்டு முதல் என்று தேடிப் பார்க்கலாம். இந்த ஆண்டு பெரிய தொகை கிடைத்த பேராசிரியருக்குச் சில மாதங்களில் ஆள் தேவைப்படும். அப்போது நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதலாம்: உங்கள் இந்தத் திட்டத்தைப் பார்த்தேன், நான் இன்னது செய்திருக்கிறேன், இதில் ஆய்வாளர் பணிக்கு விளம்பரம் வருமா, எப்போது வரும்? முன்பின் தெரியாதவருக்கு எழுதும் மின்னஞ்சல்களில் பலன் தருவது இந்த ஒரு வகைதான். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி ஒரே கடிதத்தை இருநூறு பேராசிரியர்களுக்கு அனுப்புகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். படிக்கிறவருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். அவர் நினைத்தாலும் விளம்பரம் இல்லாமல் வேலை கொடுக்க முடியாது என்பதை மேலே சொன்னேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா-கியூரி திட்டத்தில் வரும் பணிகளுக்கு ஒரு தனி விதி உண்டு. வேலை எந்த நாட்டிலோ அந்த நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் நீங்கள் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. ஊரிலிருந்து நேராக விண்ணப்பிக்கிறவர்களுக்கு இது சாதகம். நார்வேயிலேயே முதுகலை முடித்தவர்களுக்கு அதே காரணத்தால் நார்வேயில் இந்தக் கதவு மூடியிருக்கும், பக்கத்து நாட்டில் திறந்திருக்கும்.

விளம்பரத்தைப் படிப்பது

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் முதலில் கடைசித் தேதி, அடுத்து சம்பளம், பிறகு நேராக 'விண்ணப்பிக்க' பொத்தான் என்று கண் ஓடும். மாறாக, அதை அச்சடித்து, பேனாவோடு உட்காருங்கள். பொதுவாக அதில் திட்டத்தைப் பற்றிய அறிமுகம், கட்டாயத் தகுதிகள், இருந்தால் நல்லது என்கிற தகுதிகள், ஆளின் குணநலன்கள், இணைக்க வேண்டிய ஆவணங்கள் என்று பகுதிகள் இருக்கும். கட்டாயத் தகுதியில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் நிற்காது. 'இருந்தால் நல்லது' பட்டியலில் பாதி இருந்தாலே துணிந்து போடலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, எல்லாமே வேண்டும் போல என்று பின்வாங்குகிற பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து பின்வாங்காதீர்கள்.

ஒரு கற்பனை விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். பெர்கனில் வளர்ப்பு மீன்களின் நோய் எதிர்ப்பு பற்றிய பிஎச்டி பணி. கட்டாயம்: மீன்வளம் அல்லது உயிரியலில் முதுகலை, மூலக்கூறு உயிரியல் ஆய்வக அனுபவம், ஆங்கிலம். இருந்தால் நல்லது: உயிருள்ள மீன்களைக் கையாண்ட அனுபவம், ஆர் என்கிற கணினி மொழியில் புள்ளியியல், ஸ்காண்டிநேவிய மொழி ஒன்று. குணநலன்: தானாக வேலை பார்க்கவும் குழுவோடு சேர்ந்து இயங்கவும் தெரிந்தவர்.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் முதுகலை முடித்த ஒருவர் இதற்கு விண்ணப்பிக்கிறார். அவர் செய்ய வேண்டியது இதுதான். ஒரு வெள்ளைத் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கட்டும். இடப்பக்கம் விளம்பரம் கேட்பது ஒவ்வொன்றும் ஒரு வரி. வலப்பக்கம் அதற்கான சான்று, அது எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதோடு. மூலக்கூறு உயிரியல் ஆய்வகம்: முதுகலை ஆய்வில் ஆர்டி-பிசிஆர், ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். உயிருள்ள மீன்: கொடுவாக் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்தது, இரண்டாம் அத்தியாயம். ஆர் மொழி: வகுப்பில் படித்தது, மதிப்பெண் பட்டியலில் மூன்றாம் பருவம். ஸ்காண்டிநேவிய மொழி: இல்லை. குழு வேலை: ஆய்வகத்தில் இளநிலை மாணவர்கள் இருவருக்குப் பயிற்சி கொடுத்தது, இதற்கு இன்னும் சான்று இல்லை, துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கலாம். அரை மணி நேர வேலை. வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகள் எவை என்று தெரிந்துவிடும். நிரம்பிய வரிகள்தான் உங்கள் கடிதம்.

கேள்வி எழுந்தால் விளம்பரத்தின் கீழே உள்ள தொடர்பாளருக்கு எழுதுங்கள், அதற்குத்தான் அந்தப் பெயர் போடப்பட்டிருக்கிறது. தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டியதில்லை. விளம்பரத்திலேயே பதில் உள்ள கேள்வியை மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஜூலையில் நாடே விடுமுறையில் இருக்கும். அப்போது பதில் வரவில்லையென்றால் மனம் தளர வேண்டாம், ஆகஸ்டில் வரும்.

கடிதம்

பலருடைய கடிதம் இப்படித் தொடங்கும்: சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் தணியாத ஆர்வம், தங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் பணியாற்றுவது என் கனவு. இந்த இரண்டு வரியும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எண்பது விண்ணப்பம் படிக்கிற குழுவுக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தத் தூத்துக்குடிக்காரர் இப்படித் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: "என் முதுகலை ஆய்வுக்காகக் கொடுவாக் குஞ்சுகளைப் பதினான்கு வாரம் வளர்த்து, இரண்டு வகைத் தீவனத்தில் அவற்றின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் எப்படி வேறுபடுகின்றன என்று ஆர்டி-பிசிஆர் மூலம் அளந்தேன். நீங்கள் சால்மனில் கேட்கும் கேள்வியும் ஏறத்தாழ இதுவே. ஐந்தாவது வாரத்தில் ஒரு தொட்டி முழுவதும் நோயில் போனது. அதை எப்படிக் கண்டுபிடித்தேன், ஆய்வை எப்படி மாற்றி அமைத்தேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்."

செத்துப்போன தொட்டியை எழுதலாமா என்று ஒருவர் பதறினார். எழுதத்தான் வேண்டும். ஆய்வில் தவறிய ஒன்றை நேர்மையாகச் சொல்லி, அதிலிருந்து மீண்டதைக் காட்டுகிறவரைத்தான் குழு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்.

ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. மொழி, வரலாறு போன்ற கலைப் புலங்களிலும் சமூக அறிவியலிலும் பெரும்பாலும் சொந்தமாக ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். விளம்பரம் ஐந்து பக்கம் என்றால் ஐந்து பக்கம்தான், ஆறாவது பக்கத்தைப் படிக்க அவர்களுக்குக் கடமை இல்லை.

ஆவணங்கள்: நம் ஆட்கள் தடுக்கி விழும் இடங்கள்

முதலாவது பெயர். கல்லூரிச் சான்றிதழில் 'கவிதா எஸ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் கவிதா என்பது முதற்பெயர், செல்வம் என்பது குடும்பப் பெயர். விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கட்டமும் நிரப்பியாக வேண்டும். அங்கே உட்கார்ந்து பார்க்கிற அலுவலருக்கு இந்த மூன்றும் ஒரே ஆள்தானா என்பது எப்படித் தெரியும்? படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். தன்விவரக் குறிப்பில் ஒரு வரி சேருங்கள்: சான்றிதழில் உள்ள 'எஸ்' என் தந்தையின் பெயரான செல்வம், பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக உள்ளது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கிறவர்கள் புதுப்பிக்கும்போதே அதை நிரப்பி வாங்கிவிட்டால் பிற்பாடு வங்கி, வரி, வீடு என்று எல்லா இடத்திலும் நிம்மதி. அங்கே போன பிறகு அலுவலகப் பதிவுகளில் கவிதாவின் குடும்பப் பெயர், அப்பாவின் பெயரான 'செல்வம்' என்றே இருக்கும். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

இரண்டாவது மதிப்பெண். நார்வேயில் ஏ முதல் எஃப் வரை தரம். பல துறைகள் முதுகலையில் சராசரி 'பி' கேட்கும். நம்முடைய 7.8 சிஜிபிஏ அந்த அளவில் எங்கே நிற்கும் என்பதைக் குழு தானாகத்தான் முடிவு செய்யும், நீங்கள் உதவினால் நல்லது. மதிப்பெண் முறையை விளக்கும் பக்கம், பெரும்பாலும் பட்டியலின் பின்புறம் அச்சாகியிருக்கும். பலர் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். பின்பக்கத்தையும் சேருங்கள். வகுப்பில் எத்தனையாவது இடம் என்று துறைத்தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கிடைத்தால் அது சிஜிபிஏவைவிடத் தெளிவாகப் பேசும். பட்டச் சான்றிதழ் இன்னும் வரவில்லையென்றால் ப்ரொவிஷனலை இணைத்து, பட்டமளிப்பு எப்போது என்று எழுதுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வாரக்கணக்கில் ஆகலாம். விளம்பரம் வந்த பிறகு ஓடாதீர்கள், இந்த வாரமே விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பரிந்துரையாளர்கள். நீளமான பாராட்டுக் கடிதத்தைவிட, அழைத்துப் பேசக்கூடிய இரண்டு மூன்று பேரின் பெயரும் எண்ணும்தான் அவர்களுக்குப் பெரிது. நேர்காணலுக்குப் பிறகு உண்மையிலேயே அழைப்பார்கள். நம் பேராசிரியர்கள் பலர் கல்லூரி மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. அவர் தினமும் பார்க்கும் முகவரி எது என்று கேட்டு அதைக் கொடுங்கள். "சார், நார்வேயிலிருந்து போன் வரும், புது நம்பர்னு கட் பண்ணிடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உங்கள் தன்விவரக் குறிப்பையும் விளம்பரத்தையும் அவருக்கு அனுப்பிவிட்டால் பேசுவதற்கு அவருக்கும் வசதி.

ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ், டோஃபல் மதிப்பெண் பல இடங்களில் கேட்பார்கள், ஆங்கில வழியில் படித்ததை ஏற்கும் இடங்களும் உண்டு. இதுவும் விளம்பரத்திலேயே இருக்கும்.

எல்லாவற்றையும் யோப்நோர்கேயில்தான் ஏற்ற வேண்டும். மின்னஞ்சலில் அனுப்புவதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கடைசி நாள் இரவு 23:59 என்பது நார்வே நேரம். நமக்கு அது கோடையில் மறுநாள் அதிகாலை 3:29, குளிர்காலத்தில் 4:29. அந்த நேரத்தில் உட்கார்ந்து ஏற்ற வேண்டிய நிலைமைக்கு வராமல் இரண்டு நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள். ஏற்றிய கோப்பைத் திறந்து, பக்கம் தலைகீழாக இல்லையே என்று பாருங்கள்.

அனுப்பிய பிறகு

பொறுமை வேண்டும். கடைசித் தேதிக்குப் பிறகு மூன்று நான்கு மாதம் சத்தமே இல்லாமல் இருப்பது சகஜம். இதற்கிடையே மதிப்பீட்டுக் குழு அமைத்து, விண்ணப்பங்களைத் தரம் பிரித்து, சிலரை நேர்காணலுக்கு அழைப்பார்கள். விண்ணப்பித்தவர்களின் பட்டியல் தகவல் உரிமைச் சட்டப்படி பொதுவில் வெளியாகக்கூடும். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மறைக்கும்படி கேட்கலாம், ஏற்பார்கள் என்று உறுதி இல்லை.

வேலை கிடைக்காவிட்டாலும் உங்களைப் பற்றி என்ன மதிப்பிட்டார்கள் என்பதைக் கேட்டுப் பெற உரிமை உண்டு. கேளுங்கள். முதல் நிராகரிப்பில் கிடைத்த அந்த அரைப்பக்கத்தை வைத்து அடுத்த விண்ணப்பத்தை மாற்றி எழுதி, மூன்றாவது முயற்சியில் உள்ளே போன ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு எழுதியிருந்தது: ஆய்வேடு நன்றாக இருக்கிறது, ஆனால் விண்ணப்பதாரரின் பங்கு எது, குழுவின் பங்கு எது என்பது தெரியவில்லை. நம்மில் பலருக்கும் இது பொருந்தும். 'செய்யப்பட்டது' என்று எழுதியே பழகிவிட்டோம். 'நான் செய்தேன்' என்று எழுதுங்கள், ஆணவமாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நேர்காணல் கணினியில்தான் நடக்கும். வழிகாட்டப் போகும் பேராசிரியர், துறையிலிருந்து இன்னொருவர், பணியாளர் பிரிவிலிருந்து ஒருவர் என மூன்று நான்கு பேர் இருப்பார்கள். உங்கள் முதுகலை ஆய்வைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சொல்லச் சொல்வார்கள். 'சார், மேடம்' கிடையாது, பேராசிரியரைப் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும். வாய் வராது, முந்தின நாள் இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். வழிகாட்டியோடு கருத்து வேறுபட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். 'அவர் சொல்படி நடப்பேன்' என்பது நம் ஊரில் நல்ல பதில். அங்கே அது ஒரு குறையாகவே படும். காரணம் சொல்லிப் பேசுவேன், தரவைக் காட்டுவேன் என்பதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, எப்படித் தெரிந்துகொள்வேன் என்று சொன்னால் போதும்.

உங்களிடமும் கேள்விகள் இருக்கட்டும். வழிகாட்டியை வாரம் எத்தனை முறை சந்திக்கலாம், இரண்டாவது வழிகாட்டி யார், கடமைப் பணியில் என்ன செய்ய வேண்டியிருக்கும், அது ஆங்கிலத்திலா. குழுவில் இப்போது பிஎச்டி செய்யும் ஒருவரோடு தனியாகப் பேச முடியுமா என்றும் கேளுங்கள். சேருவதற்கு முன் அவரிடம் பேசும் இருபது நிமிடம், இணையத்தில் இரண்டு நாள் தேடுவதற்குச் சமம்.

வேலை கிடைத்துவிட்டது

சம்பளம் முதலில். 2025 விளம்பரங்களில் ஸ்டிபெண்டியாட்டுக்கு ஆண்டுக்கு ஐந்தரை லட்சம் குரோனர் அளவில் இருந்தது. ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்க வேண்டாம். வரியும் ஓய்வூதியமும் போக மாதம் 33,000 குரோனர் போலக் கைக்கு வரும். ஒஸ்லோவில் ஒரு சிறு வீட்டுக்கே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தனி ஆளுக்குத் தாராளம். குடும்பத்தில் ஒருவர் சம்பளம் மட்டும் என்றால் கணக்குப் பார்த்துத்தான் வாழ வேண்டும்.

குடியேற்றத் துறையான யுடிஐயில் திறன்பெற்ற பணியாளர் என்கிற பிரிவில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் சார்பில் பல்கலைக்கழகமே விண்ணப்பிக்க முடியுமா என்று பணியாளர் பிரிவில் கேளுங்கள். இலங்கையிலிருந்து போகிறவர்கள் கவனிக்க: கொழும்பில் இருந்த நார்வே தூதரகம் 2023-இல் மூடப்பட்டுவிட்டது. எங்கே ஆவணம் கொடுக்க வேண்டும் என்பதை யுடிஐ தளத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பொறியியல், பொருளறிவியல், கணினிப் பாதுகாப்பு போன்ற சில துறைகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தனியாக ஒரு பரிசீலனை நடக்கலாம். அதற்கும் காலம் பிடிக்கும். அனுமதி கையில் வரும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள், டிக்கெட்டும் போடாதீர்கள்.

போய் இறங்கியதும் ஒரு வாரத்துக்குள் போலீஸ் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்த நேரத்தை ஊரிலிருந்தே முன்பதிவு செய்துவிடுங்கள், பிறகு கிடைப்பது கஷ்டம். அடுத்தது வரித்துறை: பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளச் சோதனை, பதினோரு இலக்க எண், வரி அட்டை. வரி அட்டை இல்லாமல் சம்பள நாள் வந்துவிட்டால் பாதியைப் பிடித்துவிடுவார்கள். பின்னால் திரும்ப வரும், ஆனால் முதல் மாதத்தில் அந்தப் பாதி இல்லாமல் திணறிப்போவீர்கள். வங்கிக் கணக்கு திறக்கவும் அந்த எண் வேண்டும், வாரக்கணக்கில் ஆகலாம். இரண்டு மாதச் செலவுக்கு ஊரிலிருந்தே பணம் கொண்டு போங்கள்.

வீட்டுக்கு முதலில் பல்கலைக்கழகத்தையே கேளுங்கள். பல ஊர்களில் புதிதாக வரும் ஆய்வாளர்களுக்குத் தற்காலிக வீடு உண்டு. வெளியே தேடினால் ஃபின் என்கிற தளம். முன்பணம் உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் தன் கணக்குக்கு அனுப்பச் சொன்னால், எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் அனுப்பாதீர்கள். எண்பதுகளிலிருந்தே ஈழத்தமிழர்கள் வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகள் வரை போய் உழைத்து வேரூன்றிய நாடு இது. பெரிய ஊர்களில் தமிழ்க் கடையும் கோயிலும் சர்ச்சும் இருக்கும். முதல் குளிர்காலம் வருவதற்குள் அங்கே ஒரு குடும்பத்தையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

கடைசியாக, முதல் கோடையில் ஊருக்கு வர டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு விஷயம். விடுப்பில் இருக்கும் வாரங்களுக்கு அங்கே சம்பளம் வராது. அதற்குப் பதிலாக, முந்தைய ஆண்டு உழைத்ததற்குச் சேர்ந்த விடுப்பூதியம் வரும். முதல் ஆண்டு உங்களுக்கு அப்படிச் சேர்ந்தது ஒன்றும் இருக்காது, விடுப்பு எடுத்தால் அந்த நாட்களின் சம்பளம் குறையும். எத்தனை நாள் எடுத்தால் எவ்வளவு குறையும் என்று பணியாளர் பிரிவில் ஏப்ரலிலேயே கேட்டுக்கொண்டு, அப்புறம் அம்மாவிடம் தேதி சொல்லுங்கள்.